நாலரை டீம் எப்படி ஆடும்?

2022 ஜூன், பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு சேலத்திலிருந்து ஏற்காடு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அஸ்தம்பட்டி தாண்டியதும் கண்டக்டர் வந்து, "பையனுக்கு வயசென்னங்க?" என்றார். "பன்னெண்டு இன்னும் முடியலைங்க." அதற்குள் என் தோள் உயரம் வளர்ந்துவிட்டவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மனசே இல்லாமல் அரை டிக்கெட் கொடுத்தார். பையனோ இது எதையும் கவனிக்காமல் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் தலையைக் கவிழ்த்திருந்தான். திடீரென்று நிமிர்ந்து கேட்டான்: "மாமா, கால்பந்து உலகக் கோப்பையில ஆசியாவுக்கு நாலரை இடமாம். அரை டீம் எப்படி ஆடும்? அஞ்சரைப் பேரா?"

அடிவாரத்திலிருந்து மேலே இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, அதற்குள் சொல்லி முடித்துவிடலாம் என்று தைரியமாக ஆரம்பித்தேன். ஏரி வந்தபோது பாதிதான் முடிந்திருந்தது. அன்றைக்குச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். கால்பந்துப் பக்கமே போகாதவர்களுக்கும் புரிந்தால் சரி.

அந்த அரைக்குப் பின்னால் இருப்பது பிளே-ஆஃப் என்ற ஆட்டம். அந்தப் பெயரிலேயே முதலில் ஒரு குழப்பம். நம்மூரில் பிளே-ஆஃப் என்றதும் எல்லோருக்கும் ஐபிஎல்தான் நினைவுக்கு வரும். அங்கே லீக் முடிந்து முதல் நாலு இடத்தில் இருப்பவர்கள் கோப்பைக்காக மோதுவதற்குப் பெயர் பிளே-ஆஃப், அதில் நுழைந்தாலே பட்டாசு வெடிப்பார்கள். கால்பந்துத் தகுதிச் சுற்றில் கதை அப்படியே தலைகீழ். குரூப்பில் முதலில் வந்தவன் பெரும்பாலும் பிளே-ஆஃப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டான், நேராக உலகக் கோப்பைக்கு மூட்டை கட்டிவிடுவான். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்து, விட்டுவிடவும் மனசு வராமல் சேர்த்துக்கொள்ளவும் இடம் இல்லாமல் வாசலில் நிற்கிறார்களே, அவர்களுக்குத்தான் பிளே-ஆஃப். ஆக, "எங்கள் அணி பிளே-ஆஃபுக்குப் போயிருக்கிறது" என்று ஓர் இத்தாலிக்காரர் சொன்னால் அது நல்ல செய்தி இல்லை.

சரி, அந்த அரை. உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவில் 211 உறுப்பினர்கள், 2022 உலகக் கோப்பையில் இருந்ததோ 32 இடம். அதைக் கண்டவாரியாகப் பங்கு போட்டார்கள்: ஐரோப்பாவுக்கு 13, ஆப்பிரிக்காவுக்கு 5, ஆசியாவுக்கு நாலரை, தென் அமெரிக்காவுக்கு நாலரை, வட அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கரீபியன் மூன்றுக்கும் சேர்த்து மூன்றரை, நியூசிலாந்தும் பசிபிக் தீவுகளும் அடங்கிய ஓசியானியாவுக்கு வெறும் அரை, போட்டியை நடத்தும் கத்தாருக்கு 1. கூட்டிப் பாருங்கள், சரியாக 32 வரும். அரை என்றால் அரை டீம் இல்லை, ஒரு சீட்டில் பாதி உரிமை. அரை டிக்கெட் வைத்திருக்கும் இரண்டு பேர் ஒரே சீட்டுக்கு ஆட வேண்டும், ஜெயித்தவருக்கு முழு டிக்கெட், தோற்றவர் வழியிலேயே இறங்கிவிட வேண்டும். அந்த வருடம் நாலு அரை இருந்ததால் இரண்டு ஆட்டம்: ஆசியாவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் ஒன்று, வட அமெரிக்கப் பகுதிக்கும் ஓசியானியாவுக்கும் ஒன்று. இரண்டாவதில் கோஸ்டாரிகா 1-0 என்று நியூசிலாந்தை இறக்கிவிட்டது. முதல் ஆட்டத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதில் ஒரு கூத்து இருக்கிறது.

கண்டங்களுக்கு இடையே நடக்கும் இதைப்போலவே, ஒரு கண்டத்துக்குள்ளேயும் பிளே-ஆஃப் உண்டு. ஐரோப்பாவின் 13 இடத்தில் பத்து, பத்து குரூப்பில் முதலில் வந்தவர்களுக்கு. மிச்சம் மூன்று இடம் பிளே-ஆஃபில் முடிவானது. ஆப்பிரிக்காவில் அந்த முறை யாருக்கும் நேரடி டிக்கெட்டே கிடையாது. பத்து குரூப் வெற்றியாளர்களை ஐந்து ஜோடியாகப் பிரித்து மோதவிட்டார்கள். ஆளாளுக்கு ஒரு கணக்கு.

இனி, எப்படி ஆடுவார்கள் என்பது. இதில் இரண்டு வழி உண்டு. ஒரே ஆட்டத்தில் தீர்த்துக்கொள்வது ஒன்று, உன் ஊரில் ஒன்று என் ஊரில் ஒன்று என்று ஆடி மொத்த கோலைக் கூட்டிப் பார்ப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது முறையில் ஒவ்வோர் ஆட்டத்தையும் லெக் என்பார்கள், முதல் லெக், இரண்டாம் லெக் என்று. ஏன் இரண்டு ஊர் என்று பையன் கேட்டபோது எனக்கு வேறு உதாரணமே தேவைப்படவில்லை, நாங்கள் போய்க்கொண்டிருந்த பாதையே போதும்.

கல்லூரிக் காலத்தில் அம்மாபேட்டைப் பையன்கள் நாங்கள் ஒரு டீம், ஏற்காட்டில் எஸ்டேட் பையன்கள் ஒரு டீம். மேலே அவர்கள் ஆடும் இடம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும், சாயங்காலம் மூட்டம் இறங்கிவிட்டால் எதிர்ப்பக்கத்து கோல்போஸ்ட் கண்ணுக்குத் தெரியாது, பந்து வெளியே போனால் காபிச் செடிகளுக்கு நடுவே இறங்கித் தேட வேண்டும், எங்கே தேடினால் கிடைக்கும் என்பது அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அங்கே 3-1 என்று தோற்றோம். அடுத்த வாரம் அவர்கள் கீழே வந்தார்கள். சேலத்து ஏப்ரல் வெயில், கட்டாந்தரை, அரை மணி நேரத்தில் நாக்குத் தள்ளிவிட்டது அவர்களுக்கு. 2-0 என்று ஜெயித்தோம். ஆக மொத்தம் 3-3. இப்போது யார் வெற்றி?

எங்கள் டீமில் ஒருவன் டிவியில் பார்த்ததை வைத்து ஒரு விதியைக் கிளப்பினான். மொத்தம் சமமாக இருந்தால், எதிராளி ஊரில் அதிக கோல் அடித்தவனுக்கே வெற்றி. நாங்கள் மேலே ஒன்று அடித்திருக்கிறோம், அவர்கள் கீழே ஒன்றும் அடிக்கவில்லை, ஆகவே நாங்கள்தான். அந்த விதி உண்மையிலேயே இருந்தது. வெளியூரில் கோல் அடிப்பது கஷ்டம், அதனால் அதற்கு மதிப்பு கூட என்பது அதன் நியாயம். ஆனால் ஆட்டம் தொடங்குமுன் யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை, அவர்கள் ஒத்துக்கொள்வார்களா? இருட்டுகிற நேரத்தில் டீமுக்கு ஐந்து பெனால்டி, அதாவது கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க நேராக கோலுக்கு அடிப்பது, அடித்து அவர்களே ஜெயித்துவிட்டு மலையேறிவிட்டார்கள். அந்த டீமில் ஆடிய ஒருவரை இன்றும் கடைவீதியில் பார்ப்பதுண்டு. தட்டுவடை செட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த 3-3ஐத்தான் பேசுவோம்.

இந்த வெளியூர் கோல் விதியால் வயிறெரிந்த நாடு என்றால் ஆஸ்திரேலியாதான். அப்போது அவர்கள் ஓசியானியாவில் இருந்தார்கள், சுற்றிலும் குட்டித் தீவுகள். 2001இல் அமெரிக்கன் சமோவாவை 31-0 என்று அடித்தார்கள், எழுத்துப் பிழை இல்லை, முப்பத்தொன்று. ஆனால் இப்படி எத்தனை அடித்தாலும் கடைசியில் கையில் கிடைப்பது அரை டிக்கெட்தான், அதை வைத்துக்கொண்டு வேறு கண்டத்தின் பலமான அணியோடு மோத வேண்டும். 1997 நவம்பரில் எதிரி ஈரான். டெஹ்ரானில் 1-1. மெல்போர்னில் ஆஸ்திரேலியா 2-0 என்று முன்னால் போய்விட்டது, மைதானமே கொண்டாட்டத்தில் இருந்தது. நடுவே ஓர் ஆள் உள்ளே ஓடி வந்து கோல் வலையைக் கிழித்துவிட, அதைத் தைக்கும் வரை ஆட்டம் நின்றது. பிறகு, முடிய ஏறத்தாழ கால் மணி நேரம் இருக்கும்போது ஈரான் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டது. 2-2. மொத்தம் 3-3. ஈரான் வெளியூரில் இரண்டு, ஆஸ்திரேலியா வெளியூரில் ஒன்று. ஈரான் உள்ளே, ஆஸ்திரேலியா வெளியே. அந்தத் தகுதிச் சுற்று முழுக்க ஆஸ்திரேலியா ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

2001இல் உருகுவேயிடம் உள்ளூரில் 1-0 என்று ஜெயித்து, மான்டிவிடியோவில் 3-0 என்று உதை வாங்கினார்கள். 2005இல் மறுபடியும் அதே உருகுவே. அங்கே 1-0 தோல்வி, சிட்னியில் 1-0 வெற்றி, மொத்தம் 1-1, வெளியூர் கோல் இருவருக்குமே பூஜ்ஜியம். எக்ஸ்ட்ரா டைம் அரை மணி நேரம் ஆடியும் தீராமல் பெனால்டிக்குப் போனது. கோல்கீப்பர் மார்க் ஷ்வார்சர் இரண்டைத் தடுத்தார், கடைசிப் பந்தை ஜான் அலோய்சி அடித்து உள்ளே போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றிச் சுழற்றியபடி ஓடினார், 1974க்குப் பிறகு முதல் முறையாக ஆஸ்திரேலியா உலகக் கோப்பைக்குப் போனது. மறு வருடமே அவர்கள் ஓசியானியாவை விட்டு ஆசியக் கூட்டமைப்பில் சேர்ந்துவிட்டார்கள். எத்தனை காலம்தான் அரை டிக்கெட்டிலேயே போவது!

வெளியூர் கோல் விதியை ஐரோப்பியச் சங்கம் 2021இல் எடுத்துவிட்டது. ஆப்பிரிக்காவில் 2022 மார்ச்சிலும் இருந்தது. கானா தன் ஊரில் 0-0, நைஜீரியாவில் 1-1, அந்த ஒரே ஒரு வெளியூர் கோலில் கத்தாருக்குப் போனது. ஆகவே ஒரு பிளே-ஆஃப் பார்க்க உட்காரும்போது விதி என்ன என்று முதலில் விசாரித்துவிடுங்கள், எங்களைப் போல முடிந்த பிறகு சண்டை போட வேண்டாம்.

ஒரே ஆட்டப் பிளே-ஆஃப் எப்படிப்பட்டது என்பதற்கு இத்தாலியை விட்டால் வேறு ஆள் இல்லை. 2021 ஜூலையில் ஐரோப்பியச் சாம்பியன். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் எட்டு ஆட்டத்தில் நாலு வெற்றி, நாலு டிரா, தோல்வியே இல்லை. 16 புள்ளி. ஆனால் அதே குரூப்பில் சுவிட்சர்லாந்து 18 எடுத்துவிட்டது. சுவிட்சர்லாந்தோடு ஆடிய இரண்டு ஆட்டத்திலும் இத்தாலிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, இரண்டையும் ஜார்ஜினியோ கோட்டைவிட்டார். அதில் ஒன்று போயிருந்தால்கூடப் போதும், பிளே-ஆஃபே ஆடியிருக்க வேண்டாம். லீக் முறையில் இதுதான் சங்கதி, எப்போதோ விட்ட ஒரு பந்து கணக்கு முடிக்கும்போது வந்து நிற்கும்.

2022 மார்ச் 24, சிசிலித் தீவின் பலெர்மோ நகரம். எதிரி வட மாசிடோனியா. அந்த நாட்டு மக்கள்தொகை இருபது லட்சத்துக்கும் குறைவு. நம் சேலம் மாவட்டத்தில் 2011 கணக்குப்படியே ஏறக்குறைய 35 லட்சம் பேர். நமக்கு அது நள்ளிரவு தாண்டி ஒன்றே கால் மணி ஆட்டம். பக்கத்துத் தெருவில் விசைத்தறி ஓடிக்கொண்டிருக்க, போனில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். இத்தாலி முப்பது தடவைக்கு மேல் கோலை நோக்கி அடித்தது. ஒன்றும் போகவில்லை. காலியாகக் கிடந்த கோலைக்கூட ஒருமுறை தவறவிட்டார்கள். 92வது நிமிடம், எக்ஸ்ட்ரா டைம்தான் என்று நான் தண்ணீர் குடிக்க எழுந்த நேரம், டிராய்கோவ்ஸ்கி என்பவர் தூரத்திலிருந்து தாழ்வாக ஒன்று விட்டார், மூலையில் போய் விழுந்தது. 1-0. முடிந்தது. அந்த மைதானம் அவருக்குப் புதிது இல்லை, 2015 முதல் 2019 வரை பலெர்மோ கிளப்புக்காக அங்கேதான் ஆடிக்கொண்டிருந்தார். வட மாசிடோனியாவும் அடுத்த ஆட்டத்தில் போர்ச்சுகலிடம் தோற்று வீட்டுக்குப் போனது, அது வேறு.

நான் இரண்டு ஆட்டக் கட்சி. ஒரே ராத்திரியில் ஒருவனுக்குப் பேதியாகிவிட்டால்கூடத் தலையெழுத்து மாறிவிடுகிறது, இரண்டு ஆட்டம் இருந்தால் திரும்பி வர வாய்ப்பு உண்டு, 2013இல் பிரான்ஸ் உக்ரைனில் 2-0 என்று தோற்றுவிட்டு பாரிஸில் 3-0 என்று திருப்பியதே, அந்த மாதிரி. இதைச் சொன்னதும் பையன் மடக்கினான்: "அப்ப 2018க்கு இத்தாலி ஏன் மாமா போகலை?" உண்மைதான். அந்த முறை இரண்டு ஆட்டம்தான். ஸ்வீடனிடம் அங்கே 1-0 தோல்வி, மிலானில் 0-0. ஒரு கோல்கூட அடிக்காதவனுக்கு எத்தனை ஆட்டம் வைத்து என்ன செய்ய!

இப்போது, பிறகு சொல்கிறேன் என்றேனே, 2022இன் அந்த ஆசியா-தென் அமெரிக்கா ஆட்டம். ஆசியாவின் அரை டிக்கெட்டோடு வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஆஸ்திரேலியாவேதான், இந்த முறை ஆசியக்காரர்களாக. முதலில் ஐக்கிய அரபு அமீரகத்தை 2-1 என்று தாண்டினார்கள், பிறகு ஜூன் 13 கத்தாரில் பெருவோடு ஒரே ஆட்டம், நமக்கு இரவு பதினொன்றரை மணி. அன்றைக்குத்தான் பள்ளி திறந்திருந்தது, பையன் தூங்குவது போல நடித்துவிட்டு அக்கா அறைக்குப் போனதும் எழுந்து வந்துவிட்டான். 90 நிமிடம் 0-0. எக்ஸ்ட்ரா டைமும் முடியப் போகிறது. கடைசி நிமிடத்தில் ஆஸ்திரேலியப் பயிற்சியாளர், கேப்டனாக இருந்த கோல்கீப்பர் மேட் ரயனையே வெளியே அழைத்துவிட்டு ஆண்ட்ரூ ரெட்மெய்ன் என்பவரை இறக்கினார். அவர் கோல் கோட்டின் மேல் நின்றுகொண்டு கையை ஆட்டி, காலை மடக்கி, இடுப்பை வளைத்து, திருவிழா ஆட்டக்காரர் மாதிரி ஒரு குதி குதித்தார், ஒவ்வொரு பந்துக்கும். அடிக்க வருகிறவன் பந்தைப் பார்ப்பானா இவரைப் பார்ப்பானா? பெருவின் ஒரு பந்து கம்பத்தில் பட்டது, கடைசிப் பந்தை ரெட்மெய்னே தடுத்தார். 5-4. பையன் போட்ட கூச்சலில் அக்கா எழுந்து வந்து, "பள்ளிக்கூடம் தொறந்த அன்னிக்கேவா?" என்று என்னைத்தான் திட்டினாள்.

குரூப்பில் இரண்டாவதாக வந்தால்தான் பிளே-ஆஃப் என்றும் இல்லை, கொல்லைப்புற வழி ஒன்று உண்டு. ஐரோப்பாவில் நேஷன்ஸ் லீக் என்று தனிப் போட்டி நடக்கிறது, பலத்தைப் பார்த்து ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்து. அதில் நன்றாக ஆடியவனுக்கு, முக்கியத் தகுதிச் சுற்றில் சொதப்பினாலும் பிளே-ஆஃப் வாய்ப்பு கிடைக்கலாம். ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பைக்கு யூரோ என்று பெயர், 2024 யூரோ தகுதிச் சுற்றில் ஜார்ஜியா தன் குரூப்பில் நாலாவது. ஆனால் சி பிரிவில் ஜெயித்திருந்ததால் பிளே-ஆஃபுக்கு வந்தது, லக்சம்பர்கை 2-0, கிரீஸைப் பெனால்டியில் 4-2 என்று தாண்டி முதல் முறையாகப் பெரிய போட்டிக்குள் நுழைந்தது. நுழைந்த கையோடு போர்ச்சுகலையும் 2-0 என்று சாய்த்தது. நாலாவதாக வந்தவனுக்கு ஏன் இடம் என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன், அந்த ஆட்டத்துக்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

கொல்லைப்புற வழி பழைய காலத்திலும் இருந்தது. 1958 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இஸ்ரேலோடு ஆட அதன் எதிரணிகள் மறுத்துவிட்டன. ஓர் ஆட்டமும் ஆடாமல் யாரும் தகுதி பெறக் கூடாது என்று ஃபிஃபா சொல்லி, மற்ற குரூப்களில் இரண்டாவதாக வந்தவர்களின் பெயரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டது. முதலில் விழுந்த பெல்ஜியம் வேண்டாம் என்றது, அடுத்து வேல்ஸ் வந்தது. ஏற்கெனவே வெளியேறியிருந்த வேல்ஸ், இரண்டு ஆட்டத்திலும் 2-0 என்று ஜெயித்து ஸ்வீடன் போய், காலிறுதி வரை வந்து, பதினேழு வயது பெலே அடித்த ஒரே கோலில்தான் தோற்றது. அடுத்த முறை அவர்கள் உலகக் கோப்பைக்குப் போக 64 வருடம் ஆனது, 2022 ஜூனில் உக்ரைனை 1-0 என்று வென்று. அதுவும் பிளே-ஆஃப்தான்.

2026க்கு 48 இடம் என்று ஆனதும் அரையை ஒழித்துவிட்டார்கள். ஐரோப்பா 16, ஆப்பிரிக்கா 9, ஆசியா 8, தென் அமெரிக்கா 6, நடத்தும் மூன்று நாடுகளையும் சேர்த்து வட அமெரிக்கப் பகுதிக்கு 6, ஓசியானியாவுக்கு ஒருவழியாக ஒரு முழு டிக்கெட். மிச்சம் 2 இடத்துக்கு ஆறு அணிகள் என்று வைத்தார்கள்: பொலிவியா, ஈராக், காங்கோ ஜனநாயகக் குடியரசு, ஜமைக்கா, சுரினாம், மூன்று லட்சம் பேர்கூட இல்லாத நியூ கலிடோனியா. தரவரிசையில் மேலே இருக்கும் இரண்டு பேர் நேராகக் கடைசி ஆட்டத்துக்கு, மற்ற நாலு பேர் அதற்கு முன்னால் ஒன்று கூடுதலாக ஜெயித்தாக வேண்டும். ஐரோப்பாவில் 12 குரூப், 12 முதலிடக்காரர்கள் நேராக. இரண்டாமிடக்காரர்கள் 12 பேரோடு கொல்லைப்புறமாக 4 பேர், ஆக 16 அணி, நாலு நாலாகப் பிரித்து அரையிறுதி, இறுதி, எல்லாமே ஒரே ஆட்டம். அரை போய் எல்லாம் முழு எண்ணாகிவிட்டது, புரிந்துகொள்வது மட்டும் ஏனோ முன்னைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பையன் கடைசியாகக் கேட்டது, "நாம எப்ப மாமா பிளே-ஆஃப் ஆடுவோம்?" என்று. உலகக் கோப்பைக்கு இன்னும் அந்த வாசல் வரைக்குமே இந்தியா போனதில்லை. ஆனால் ஆசியக் கோப்பைக்கு ஆடியிருக்கிறோம். 2016 ஜூனில் லாவோஸோடு, இரண்டு லெக். அவர்கள் ஊரில் 1-0, நம் குவஹாத்தியில் 6-1, மொத்தம் 7-1. தோற்றிருந்தால் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின் அடுத்த கட்டத்துக்குப் போக இன்னொரு பிளே-ஆஃப் ஆட வேண்டியிருந்திருக்கும். ஜெயித்ததால் போய், அதிலும் தேறி, 2019 ஆசியக் கோப்பையில் முதல் ஆட்டத்திலேயே தாய்லாந்தை 4-1 என்று அடித்தோம். அடுத்த இரண்டிலும் தோற்று வெளியே வந்தோம், அதைப் பையனிடம் சொல்வதற்குள் அடிவாரம் வந்துவிட்டது.